விக்கர்ஸ் துப்பாக்கி ஏன் திக்கியது? துணி பெல்ட்டும் ஒரு கைப்பிடியும்

கேள்வி இது: "முதல் உலகப் போர் பற்றி எதைப் படித்தாலும் 'அந்த நேரம் பார்த்து மெஷின் கன் சிக்கிக்கொண்டது' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அருங்காட்சியகத்தில் பார்த்த விக்கர்ஸ் துப்பாக்கியில் தோட்டாக்கள் துணியில் செருகியிருந்தன. துணி பெல்ட் உள்ளே போவதில் அப்படி என்ன கோளாறு வரும்? குண்டு மழையின் நடுவே அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்?"

பெல்ட்டின் மேல் நீங்கள் சந்தேகப்பட்டது பாதி சரி. மீதிப் பாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பெல்ட் நுழையும் இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். காரணமோ வேறு எங்காவது இருக்கும். சில சமயம் துப்பாக்கியின் மறுமுனையில், குழல் வாயிலேயே இருக்கும். அந்தக் காலத்துப் படைவீரர்கள் இதைத் துப்பாக்கியைத் திறக்காமலே படித்தார்கள். வலப்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. அது எந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு நாடி பார்ப்பது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஹிராம் மாக்சிம் 1884 வாக்கில் லண்டனில் உருவாக்கிக் காட்டிய துப்பாக்கியின் பேரன்தான் விக்கர்ஸ். பிரிட்டிஷ் ராணுவம் 1912இல் ஏற்றது, 1968இல்தான் கைவிட்டது. நிமிடத்துக்கு 450 முதல் 500 தோட்டா சுடும் வேகம். அதாவது ஒரு நொடிக்கு எட்டு முறை, கீழே சொல்லும் முழுச் சுற்றும் நடந்து முடிய வேண்டும்.

தோட்டா வெடித்ததும் குழலே சுமார் ஓர் அங்குலம் பின்னுக்கு உதைபடும். அந்த உதையில் லாக் எனப்படும் பகுதி இன்னும் பின்னால் போகும். போகும்போது அதன் முகத்தில் இருக்கும் பிடிப்பான் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்யும். சுட்டு முடிந்த காலிக் கூட்டைக் குழலிலிருந்து உருவும். புதுத் தோட்டாவை அதன் விளிம்பைப் பிடித்து பெல்ட்டிலிருந்து உருவும். கவனியுங்கள், தோட்டா பெல்ட்டிலிருந்து முன்னால் தள்ளப்படுவதில்லை, பின்னால் இழுக்கப்படுகிறது. பிறகு பிடிப்பான் கீழிறங்க, புதுத் தோட்டா குழலுக்கு நேராக வரும். இடப்பக்கப் பெட்டியில் இழுபட்டு நிற்கும் ஃபியூசி ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னுக்கு இழுத்துத் தோட்டாவைக் குழலுக்குள் செருகும். பிடிப்பான் மேலேறி, அடுத்த தோட்டாவின் விளிம்பைப் பற்றும்.

பெல்ட் நகர்வது எப்போது? குழல் பின்னால் போகும்போது, பெல்ட் நுழையும் பெட்டிக்குள் ஒரு தகடு வலப்பக்கம் நகர்ந்து அடுத்த தோட்டாவுக்குப் பின்னே தன் கொக்கிகளைப் போடும். குழல் முன்னால் திரும்பும்போது அந்தத் தகடு இடப்பக்கம் வந்து பெல்ட்டை ஒரு தோட்டா தூரம் இழுத்துவிடும். கீழே வேறு கொக்கிகள் பெல்ட் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆக, தோட்டாவை பெல்ட்டிலிருந்து உருவும் பலம் உதையிலிருந்து வருகிறது. பெல்ட்டை இழுக்கும் பலம் திரும்பும் ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால் கீழே வருவது எல்லாம் தானாகப் புரியும். பெல்ட்டில் ஏற்படும் கோளாறும் இதனால் இரண்டு வகையாகிறது. தோட்டா பைக்குள் இறுகிவிட்டால் பின்னுக்குப் போகும் பயணம் திணறும். பெல்ட் எங்காவது மாட்டிக்கொண்டால் முன்னுக்கு வரும் பயணம் திணறும்.

இனி துணிக்கு வருவோம். ஒரு பெல்ட்டுக்கு 250 பைகள். இரண்டு பருத்தி நாடாக்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பித்தளைத் தகடும் ஆணியும் அடித்துப் பைகளாகப் பிரித்திருப்பார்கள். சில தகடுகள் மட்டும் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தோட்டாக்கள் வரிசை பிசகாமல் போவதற்கு வழிகாட்டியாக. துப்பாக்கியின் மற்ற பாகங்கள் எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து கடைந்த இரும்பு. அதற்குத் தோட்டாவை எடுத்துக்கொடுப்பதோ வானிலைக்குத் தக்கபடி உருவம் மாறும் பருத்தி. மாக்சிமைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு மலிவாக, மடங்கக்கூடியதாக, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடியதாகக் கிடைத்தது அதுதான். ஆனாலும் இந்தத் துப்பாக்கியின் கதையில் பாதி, இரும்பும் பருத்தியும் ஒத்துப்போகாத கதைதான்.

நனைந்தால் பருத்தி நூல் பருக்கும், பை இறுகும். பிடிப்பான் தோட்டாவை இழுத்தால் வராது, வந்தாலும் உதையின் பலத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும். புது பெல்ட்டும் இப்படித்தான் விறைப்பாக இருக்கும், ஓரிரு முறை தோட்டா போட்டு எடுத்துப் பழக்க வேண்டும். மிகப் பழைய பெல்ட்டின் வியாதி நேர் எதிரானது. பை தொளதொளத்துவிடும். துப்பாக்கியின் அதிர்விலேயே தோட்டா முன்னும் பின்னும் நழுவும். சேற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெசவுக்குள் புகுந்த சேறு காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி. அதனால்தான் பெல்ட்டைக் கடைசி நிமிடம் வரை பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னார்கள். வழுக்கட்டும் என்று எண்ணெய் பூசினால் தூசியை அழைத்துவந்து ஒட்டிவைத்த கதைதான்.

நழுவும் தோட்டா என்றேனே, அதன் ஆபத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். 250 தோட்டாவும் பெல்ட்டில் ஒரே ஆழத்தில் செருகியிருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் மேலேறும் பிடிப்பானுக்கு விளிம்பு சரியாகச் சிக்காது. கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தால் பிடிப்பான் மேலேறவே முடியாமல் முட்டி நிற்கும். கையால் செருகினால் இந்த ஒழுங்கு வராது என்பதால், கையால் சுழற்றும் பெல்ட் நிரப்பும் கருவி ஒன்று ஒவ்வொரு பிரிவிடமும் இருந்தது. அது பழுதானால் இரவெல்லாம் உட்கார்ந்து விரலால் செருக வேண்டியதுதான். மறுநாள் துப்பாக்கி திக்கும்போது பழி துப்பாக்கிமேல் விழும். உண்மையில் அது முந்தின இரவின் தூக்கக் கலக்கம்.

இதில் இரண்டாம் ஆளின் பங்கை யாரும் எழுதுவதில்லை. சுடுபவர் முதலாமவர். வலப்பக்கம் படுத்துக்கொண்டு பெல்ட்டை ஊட்டுபவர் இரண்டாமவர். நிரம்பிய பெல்ட்டின் தோட்டாக்கள் மட்டுமே ஆறு கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையைத் தானே தூக்க வேண்டும் என்று துப்பாக்கியை விட்டுவிட்டால் ஸ்பிரிங் தோற்றுப்போகும். பெட்டியிலிருந்து எழும் பெல்ட்டை இரு கையாலும் தாங்கி, துப்பாக்கியின் வாய்க்கு நேர்மட்டமாக நீட்டிப் பிடிக்க வேண்டும். மேலே தூக்கினாலும், முன்னால் சாய்த்தாலும் தோட்டா கோணலாக நுழையும். ஆர்வத்தில் உள்ளே தள்ளவும் கூடாது, இழுப்பது துப்பாக்கியின் வேலை. இடப்பக்கம் வெளியேறும் காலி பெல்ட், துப்பாக்கியைத் தாங்கும் முக்காலியின் காலில் சுற்றிக்கொள்கிறதா என்றும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அங்கே சுற்றிக்கொண்டாலும் பெல்ட் நின்றுவிடும், ஆட்களோ வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, துப்பாக்கி நின்றுவிட்டது. இப்போது அந்தக் கைப்பிடி.

அது உள்ளே இருக்கும் லாக்குடன் பிணைந்தது. லாக் பின்னால் போனால் கைப்பிடி சுழன்று எழும், முன்னால் வந்து பூட்டினால் சாய்ந்து தன் தடுப்பில் படுக்கும். எனவே கைப்பிடி நிற்கும் கோணமே லாக் எங்கே நின்றது என்பதன் வெளிப்படம். பயிற்சியில் நான்கு நிலைகள் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த நிலையானாலும் உடனே செய்ய வேண்டியதை யோசிக்காமல் கை செய்துவிட வேண்டும். இருட்டில் தொட்டுப் பார்த்தே நிலையைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இதன் அழகு.

முதல் நிலையில் கைப்பிடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். லாக் போதுமான தூரம் பின்னால் போகவில்லை, பிடிப்பான் கீழிறங்கவில்லை என்று பொருள். உதை போதவில்லை, அல்லது உராய்வு அதிகம். கைப்பிடியை முழுவதும் பின்னுக்கு இழுத்து, பெல்ட்டை இடப்பக்கம் இழுத்து, விட்டுவிட்டுத் தொடர்ந்து சுடலாம். மறுபடியும் அதே இடத்தில் நின்றால் அது தற்செயல் அல்ல. ஃபியூசி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பார்கள்.

இரண்டாம் நிலையில் தோட்டா குழலுக்குள் போகும் வழியில் எதிலோ முட்டியிருக்கிறது. நசுங்கிய தோட்டாவாக இருக்கலாம். முந்தின தோட்டாவின் கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி உள்ளேயே தங்கியிருக்கலாம்.

மூன்றாம் நிலையில் கைப்பிடி தடுப்பைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. உங்கள் கேள்விக்கு உரிய நிலை இதுதான், பெல்ட் ஊட்டத்தில் கோளாறு. ஏன் இந்த இடம்? பெல்ட்டை இழுக்கும் வேலை முன்னோக்கி வரும் பயணத்தில் நடக்கிறது என்றேன் அல்லவா? பெல்ட் மாட்டிக்கொண்டாலோ, கோணலாகிவிட்டாலோ, தோட்டா வரிசை பிசகியிருந்தாலோ அந்தப் பயணம் கடைசி அரைக்கால் தூரத்தில் நின்றுவிடும். கைப்பிடியைச் சற்றே பின்னால் தட்டி, பெல்ட்டை நேராக்கி இழுத்துவிட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். கைப்பிடியை அடித்து முன்னால் தள்ளத் தோன்றும். தோன்றுவது இயல்புதான், ஆனால் கோணலான தோட்டாவை இன்னும் கோணலாக்கி ஐந்து நொடி வேலையை ஐந்து நிமிட வேலையாக்குவது அப்படித்தான்.

நான்காவதில் கைப்பிடி ஒழுங்காகத் தடுப்பில் படுத்திருக்கும், துப்பாக்கி மட்டும் சுடாது. தோட்டா பழுது, அல்லது பெல்ட்டில் ஒரு பை காலி, அல்லது அடிக்கும் ஊசி உடைந்துவிட்டது. 'மெஷின் கன் சிக்கிக்கொண்டது' என்று நாம் படிக்கும் வரிகளில் சில, ஒரே ஒரு பையை நிரப்ப மறந்த கதையாகவும் இருக்கக்கூடும்.

இனி, பெல்ட் போல வேஷம் போடும் கோளாறுகள். முதல் நிலையில் திரும்பத் திரும்ப நிற்கிறது, பெல்ட்டை மாற்றியும் பயனில்லை. அனுபவசாலி அப்போது துப்பாக்கியின் முன்பக்கம் போவார். விக்கர்ஸ் குழலைச் சுற்றி ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் நிற்கும் உறை உண்டு. குழல் முன்னும் பின்னும் ஓடவும் வேண்டும், தண்ணீர் கசியவும் கூடாது. அதற்காக எண்ணெயில் நனைத்த ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை இரு முனையிலும் சுற்றி அடைப்பார்கள். தளர்வாகச் சுற்றினால் தண்ணீர் ஒழுகும். ஒழுகுகிறதே என்று அழுத்திச் சுற்றினால் குழல் நகரத் திணறும். குழல் திணறினால் லாக் முழுவதும் பின்னால் போகாது, தோட்டா பெல்ட்டிலிருந்து பாதியில் நிற்கும். பார்ப்பவர் பெல்ட்டைத் திட்டுவார். குற்றவாளி ஒரு சாண் கயிறு.

குழல் வாயில் இருக்கும் கிண்ணம் போன்ற அமைப்பும் அப்படித்தான். வெளியேறும் வாயுவைத் திருப்பி அடித்து உதையைக் கூட்டுவதற்காக வைத்தது அது. நிறையச் சுட்டால் அங்கே கரி படியும், உதை மெலியும். எதிர்ப்பக்கத்தில் ஃபியூசி ஸ்பிரிங். அதன் இழுவையை வில்தராசு மாட்டி அளப்பார்கள், 7 முதல் 9 பவுண்டு வரை இருந்தால் சரி. கூடினால் பின்னோக்கிய பயணம் பாதியில் நிற்கும், குறைந்தால் பெல்ட்டை இழுக்கத் தெம்பு இராது. இந்த ஒரு ஸ்பிரிங்கைத் திருகியே பல கோளாறுகளை மறைத்துவிடலாம் என்பதும் உண்மை. கரியைத் துடைக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் தளர்த்திக்கொண்டே போனால், ஒரு நாள் பெல்ட் கொஞ்சம் ஈரமாக வரும்போது இழுக்கப் பலமில்லாமல் மூன்றாம் நிலையில் நிற்கும். ஒரு நோயை மறைத்து இன்னொன்றை வாங்கிக்கொண்ட கணக்கு.

கூடு அறுவதற்குக் காரணம் வேறு. லாக் பூட்டியபின் அதன் முகத்துக்கும் தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டால், வெடிக்கும்போது கூடு நீண்டு அறுந்துவிடும். மெல்லிய வாஷர்களைச் சேர்த்து அந்த இடைவெளியைக் குறைப்பார்கள். அறுந்து தங்கிய முன்பாதியை உருவ ஒரு தனிக் கருவியே துப்பாக்கியோடு வந்தது. வெளியே விழுந்த காலிக் கூடு குட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல துப்பு.

துணியின் தொல்லை தாங்காமல் முதலில் அலறியவர்கள் விமானிகள். தரையில் நனைந்த பெல்ட் உயரத்தில் உறைந்து பலகையாகிவிடும். காலி பெல்ட் காற்றில் படபடத்து எங்காவது மாட்டும். பக்கத்தில் இரண்டாம் ஆளும் கிடையாது. கைப்பிடியைத் தட்டுவதற்கென்றே சிறு சுத்தியல் வைத்துக்கொண்டு பறந்தவர்கள் உண்டு. இதற்குத் தீர்வாக வந்த உலோகக் கண்ணியை வடிவமைத்த பிரிடோ ஒரு பிரிட்டிஷ் பல் மருத்துவர்! ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு இணைக்கும் ஆணி, தோட்டாவேதான். தோட்டாவை உருவினால் கண்ணி தனியே கழன்று விழும், மாட்டிக்கொள்ளக் காலி பெல்ட் என்று ஒன்றே இராது. பல்லைப் பிடுங்குகிறவருக்குத் தோட்டாவைப் பிடுங்குவது பிடிபட்டதில் வியப்பென்ன என்று எனக்குத் தோன்றும்.

பனி நாடுகளுக்கும் இதே தலைவலி. ஃபின்லாந்து 1930களில் தன் மாக்சிம் துப்பாக்கிகளைத் திருத்தியபோது உலோக பெல்ட்டையும் ஏற்கும்படி செய்தது. தண்ணீருக்குப் பதில் பனியையே அள்ளிப் போடும்படி உறைக்கு அகன்ற மூடியும் வைத்தது. அந்த மூடியைப் பின்னர் சோவியத் தரப்பும் எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் படித்துவிட்டுத் துணி பெல்ட் என்றாலே உதவாக்கரை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1917இல் ஜான் பிரவுனிங் தன் தண்ணீர் குளிர்விப்புத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவத்துக்குச் சோதித்துக் காட்டியபோது இடைவிடாமல் 48 நிமிடம் 12 நொடி ஓடியது. அதுவும் துணி பெல்ட்டில்தான். பெல்ட் உலர்ந்து, ஒழுங்காக நிரம்பி, தாங்கிப் பிடிக்க ஆளும் இருந்தால் பருத்தி தன் வேலையைச் செய்யும். சோதனைக் களத்தில் இந்த மூன்றும் கிடைக்கும். பதுங்குகுழியில் மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

உலோக பெல்ட் வந்தபின் கோளாறு ஒழியவில்லை, இடம் மாறியது. வளைந்த ஒரு கண்ணி, நனைந்த பருத்தி செய்யும் அத்தனையையும் செய்யும். ஜெர்மனியின் எம்ஜி 34 என்ற மெஷின் கன்னின் உலோக பெல்ட்டைக் கையில் எடுத்தால் கண்ணி கண்ணியாக விரலால் தடவிப் பார்ப்பது அதனால்தான்.

கடைசியாக, நீங்கள் பார்த்த அருங்காட்சியக பெல்ட் பற்றி. பித்தளையும் ஈரம் ஏறிய துணியும் பல காலம் ஒட்டிக் கிடந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும், தோட்டா பையோடு ஒட்டிக்கொள்ளும். நூலும் இற்றிருக்கும். அப்படி ஒரு பெல்ட் பழைய பெட்டி எதிலாவது உங்கள் கையில் கிடைத்தால் துவைக்கவோ, தோட்டாவைப் பிடுங்கிப் பார்க்கவோ வேண்டாம். உள்ளே இருப்பது வெறும் மாதிரியா, மருந்து நிரம்பியதா என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.